கொழும்பில் குவிந்த அதிகாரம்

1978 பெப்ரவரி 4ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் ஜே. ஆர். ஜெயவர்தன இலங்கையின் முதல் நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்தப் பதவிக்காக மக்கள் அன்றுவரை ஒரு வாக்கும் போட்டிருக்கவில்லை. பிரதமராக இருந்தவரை ஜனாதிபதியாக்க ஓர் அரசியலமைப்புத் திருத்தமே போதுமானதாக இருந்தது.

ஆசை பழையது. 1966 டிசம்பரில், டட்லி சேனநாயக்கவின் அரசில் அமைச்சராக இருந்தபோதே, அறிவியலாளர் சங்கமொன்றில் ஜெயவர்தன இந்த யோசனையை முன்வைத்தார். வளரும் நாட்டுக்கு உறுதியான தலைமை வேண்டும். பாராளுமன்றத்தின் மனமாற்றங்களுக்கு ஆட்டம் காணாத ஆட்சி வேண்டும் என்பது அவர் வாதம். சொந்தக் கட்சித் தலைவரான டட்லியே இதை ஏற்கவில்லை. 1973இல் டட்லி மறைந்தார். 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளோடு 168 இடங்களில் 140ஐ வென்றது. அதன் பிறகு தடுக்க ஆளில்லை.

1978 செப்டம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அமெரிக்காவையும் பிரான்சையும் பார்த்து எழுதப்பட்டது. ஆனால் இரண்டு நாடுகளும் வைத்திருந்த தடுப்புகள் கொழும்புக்கு முழுதாக வந்து சேரவில்லை. அமெரிக்க ஜனாதிபதியால் காங்கிரசைக் கலைக்க முடியாது. அவருடைய அமைச்சர்கள் காங்கிரசில் உறுப்பினராக இருக்கவும் முடியாது. இலங்கை ஜனாதிபதி நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி. அமைச்சர்களைப் பாராளுமன்றத்திலிருந்தே எடுத்துக்கொள்வார், 1978இன் விதிப்படி, தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தால் பாராளுமன்றத்தைக் கலைத்தும் விட முடிந்தது. பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடர முடியாது. பிரதமரை வீழ்த்தச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஜனாதிபதியை நீக்கவோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, உயர் நீதிமன்ற விசாரணை, மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு என்று மூன்று படிகள் ஏற வேண்டும்.

இந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதை 1982 காட்டியது. அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலை வென்ற கையோடு, ஜெயவர்தன தம் கட்சி எம்.பி.க்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1977இல் தேர்வான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே நீட்டிக்க டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார். வாக்குச்சீட்டில் இரண்டே சின்னங்கள்: நீட்டிக்கலாம் என்போருக்கு விளக்கு, கூடாது என்போருக்குப் பானை. விளக்குக்கு 54.66 சதவீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டம் மிகப் பெரும்பான்மையாகப் பானையைத் தேர்ந்தும் பயனில்லை. அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. இடையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைப் படுகொலைகளும், தனிநாடு கோருவதைத் தடைசெய்த ஆறாவது திருத்தமும், அதனால் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் தம் இடங்களை இழந்ததும் எல்லாம் இதே பாராளுமன்றத்தின் காலத்தில்தான் நடந்தன.

ஆனால் இந்த முறையில் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தைப் பிரதமர் பிரேமதாசவே எதிர்த்தார். அப்படியும் ஜெயவர்தன கையெழுத்திட்டார். அமைச்சரவையை நம்பியிருந்த ஒரு பிரதமருக்கு அது எளிதாக இருந்திருக்காது. இன்னொரு நன்மை வாக்குக் கணக்கில் இருக்கிறது. நாடே ஒரு தொகுதியாகி, வெல்பவருக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்றாகும்போது, தமிழர், முஸ்லிம்கள், மலையகத்தார் ஆதரவுக்கு விலை கூடுகிறது. 1988 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப், பாராளுமன்ற இடம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைக்க வேண்டும் என்று பிரேமதாசவிடம் பேரம் பேசி வென்றார். 2015இல் மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் பெற்றதில் வடக்கு, கிழக்கு வாக்குகளின் பங்கு பெரிது. ஆனால் 2019இல் கோட்டாபய ராஜபக்ச பெரும்பாலும் சிங்கள வாக்குகளைக் கொண்டே வென்று, அந்தக் கணக்குக்கு உத்தரவாதம் இல்லை என்று காட்டிவிட்டார்.

கோட்டாபயவின் ஆட்சி இந்த முறையின் பலவீனத்தைக் கழனிவரை கொண்டுபோனது. 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை விதிக்கப்பட்டது. மாற்று உரம் போதுமான அளவு இல்லாமல் விவசாயிகள் விதைத்தார்கள், விளைச்சல் சரிந்தது, சில மாதங்களில் அரசே தடையைத் தளர்த்த நேர்ந்தது. பின்பு எரிபொருளும் மருந்தும் இல்லாமல் நாடு திணறியபோது, ஜனாதிபதியை இறக்கப் பாராளுமன்றத்துக்கு எளிய வழி எதுவும் இருக்கவில்லை. 2022 ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜூலை 14இல் வெளிநாட்டிலிருந்து அவருடைய பதவி விலகல் வந்தது.

இந்தப் பதவியை ஒழிப்பதாகச் சொல்லியே பதவிக்கு வந்தவர்கள் பலர். 1994இல் 62 சதவீதம் பெற்ற சந்திரிகா குமாரதுங்க, 2005இல் மகிந்த ராஜபக்ச, 2015இல் சிறிசேன எல்லாரும் வாக்குறுதி தந்தவர்கள். சந்திரிகாவின் புதிய அரசியலமைப்பு வரைவை 2000 ஆகஸ்டில் எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே எரித்தார்கள். மகிந்த 2010இல் பதினெட்டாவது திருத்தத்தின் மூலம் இரண்டு தவணை என்ற வரம்பையே நீக்கினார். சிறிசேன பத்தொன்பதாவது திருத்தத்தில் அந்த வரம்பை மீட்டு, பாராளுமன்றத்தை நாலரை ஆண்டுக்கு முன் ஜனாதிபதி தாமாகக் கலைக்க முடியாதபடியும் செய்தார். ஆனால் 2018 நவம்பரில் அவரே அதை மீறிக் கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். திருத்தம் வெறும் காகிதம் அல்ல என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. 2020இல் இருபதாவது திருத்தம் அதிகாரத்தைத் திரும்பக் குவித்தது; 2022இல் இருபத்தோராவது திருத்தம் அதில் ஒரு பகுதியை மீண்டும் குறைத்தது.

2024 செப்டம்பரில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் அணியும் இந்தப் பதவியை ஒழிப்பதாக வாக்களித்தது. நவம்பரில் 225 இடங்களில் 159ஐ அந்த அணி பெற்றதால் மூன்றில் இரண்டு பங்கு கையில் இருக்கிறது. ஆனால் ஒழிப்பது மட்டும் போதாது. மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தபின் அங்கே நிர்வாகம் அந்த ஆளுநர் கையில்தான். பதவியை ஒழிக்கும் மசோதா வரும் நாளில் அந்த அதிகாரம் கொழும்பில் இன்னொருவர் கைக்கு மாறுகிறதா, மாகாண சபைக்கு வருகிறதா என்பதைத்தான் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.