ஏசி மாட்டப் போறீங்களா? எம்சிபி மட்டும் இருந்தா போதுமா... ஷாக்கிலிருந்து காப்பாற்றுவது எது?

கோடை தொடங்கினால் டன் எவ்வளவு, ஸ்டார் எத்தனை, இஎம்ஐ உண்டா என்று எல்லாவற்றையும் விசாரித்து ஏசி வாங்குகிறோம். 'எங்க வீட்டு ஒயரிங் இதைத் தாங்குமா?' என்று கேட்பவர்கள் குறைவு. மாட்ட வருபவரும் பக்கத்தில் ஒரு பவர் பிளக் இருந்தால் அதில் சொருகிவிட்டுக் கிளம்பிவிடுவார். காற்று சில்லென்று வரும். சிக்கல் அதுக்கப்புறம்தான்.

ஏசி எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பி ஓட்டினால் வெளியிலிருக்கும் வெப்பம் உள்ளே வரும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் பகுதிகளுக்குப் பொருத்தமான 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி வேலை செய்வது இப்படித்தான். ஒயரிங்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதிதான்.

1.5 டன் ஏசி சுமார் 1,500 வாட் எடுக்கிறது என்றால், 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். உச்சி வெயிலில் இன்னும் கூடும். அதிகபட்ச அளவு அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். 'அயர்ன் பாக்ஸும்தான் 1,000 வாட் இழுக்குது' என்று சிலர் சொல்வதுண்டு. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் ஓடும். ஏசி விடிய விடிய ஓடும். ஒயர் சூடாவதற்கு அந்த நேரம் தாராளம்.

அதனால் மெயின் போர்டிலிருந்து ஏசிக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுவது நல்ல வழக்கம். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய ஒயரில் ஏசியை ஏற்றவே கூடாது. நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட்டும் இருக்கக் கூடாது. லூசான ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால்கூட, 8 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே இடத்தில் 32 வாட் சூடு கிளம்பும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்குகிறது, யோசித்துப் பாருங்கள். பிளக் பழுப்பு நிறமாக மாறினாலோ, கருகின வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

எம்சிபி யாரைக் காப்பாற்றுகிறது?

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. உங்களை அல்ல.

ஏசிக்கு 20 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறீர்கள். மழையில் நனைந்த அவுட்டோர் யூனிட்டில் ஒரு ஒயரின் இன்சுலேஷன் போய், இரும்பு பாடிக்கு கரண்ட் வந்துவிடுகிறது. எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பும் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு மாதிரிதான் தெரியும், டிரிப் ஆகாது. பாடியில் ஆபத்தான வோல்டேஜ் நின்றுகொண்டே இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறவர் ஈரக் கையோடு அதைத் தொட்டால்?

இந்த இடத்தில் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 100 வாட் குண்டு பல்பில் ஓடுவது 400 மில்லி ஆம்பியருக்கும் மேல் என்றால், 30 எவ்வளவு சின்ன அளவு என்பது புரியும். ஆனால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. அதனால் இரண்டுமே வேணும்.

கடையில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. ஆர்சிசிபியில் 'டைப் ஏசி' என்று போட்டிருப்பதைப் பார்த்து, 'நம்ம ஏசிக்குத்தான் போல' என்று வாங்கிவிடாதீர்கள். அந்த 'ஏசி' மாறுமின்னோட்டத்தைக் குறிக்கிறது. இன்வெர்ட்டர் ஏசிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டிலிருந்து வரும் லீக்கேஜையும் கண்டுபிடிக்க 'டைப் ஏ' கேட்டு வாங்குங்கள்.

எர்த் உண்மையிலேயே இருக்கா?

பிளக்கில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் அந்த மேல் ஓட்டைக்கு ஒயரே வந்திருக்காது. இதைவிட மோசம், சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. டெஸ்டரில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஒருநாள் நியூட்ரல் அறுந்தால், ஏசி பாடி முழுக்க கரண்ட். எர்த் குழியின் தடையை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். இன்டோர் யூனிட்டிலிருந்து அவுட்டோருக்குப் போகும் கேபிளிலும் எர்த் ஒயர் கட்டாயம் இருக்கணும்.

ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆனால்?

'தொல்லை தாங்கல, டைரக்ட் பண்ணிடுங்க' என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லாதீர்கள். எங்கோ லீக்கேஜ் இருக்கிறது அல்லது நியூட்ரல் தவறாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஒவ்வொரு எம்சிபியாக ஆஃப் செய்து பார்த்தால் எந்த லைன் என்பது பெரும்பாலும் சிக்கிவிடும். ஆஃப் செய்தும் நிற்கவில்லை என்றால் நியூட்ரல் பக்கம் கோளாறு இருக்கலாம். அதை எலெக்ட்ரீஷியன்தான் பார்க்கணும். ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே டிரிப் ஆகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஏசி மாட்டும் டெக்னீஷியன் வேறு, ஒயரிங் செய்யும் எலெக்ட்ரீஷியன் வேறு. லைன் இழுக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஏசி வருகிறது என்றால் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டால் மின் வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சர்வீஸ் நடக்கும்போது ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. எம்சிபியையே இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவுட்டோர் யூனிட்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் தங்கியிருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். அதுவரை மூடியைத் திறக்க விடாதீர்கள்.