ஒரு கலாநிதிப் பட்டத்தின் வரலாறு

கலாநிதிப் பட்டம் என்றதும், பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அலங்காரச் சொல்லே பலரது நினைவுக்கு வருகிறது. அது எவ்வாறு பெறப்படுகிறது, எவருடைய நிதியில் பெறப்படுகிறது, அதனால் விளையும் அறிவு எவருக்குப் பயன்படுகிறது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது குறைவு. அரசியல் விஞ்ஞானத்தில் இவ்வினாக்கள் இன்றியமையாதன. ஏனெனில், இத்துறை ஆராய்வது அதிகாரத்தை. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆவணங்களோ பெரும்பாலும் அதிகாரத்தின் கையிலேயே இருக்கின்றன.

ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் பல்கலைக் கழகங்களில் உருப்பெற்றது. மூலாவணங்களை முன்வைத்து ஆசிரியரும் மாணவரும் வாதிடும் கருத்தரங்கே அதன் உயிர்நாடி. ஜெர்மனியிற் பயின்ற ஜோன் பேர்கெஸ், 1880இல் நியூயோர்க்கின் கொலம்பியாவில் அரசியல் விஞ்ஞானக் கல்விக்கூடமொன்றை நிறுவி, அம்முறையை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தார். இதே பேர்கெஸ்தான், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளித்ததை 1902இல் வெளியான தமது நூலிற் கண்டித்தவர். முறை விஞ்ஞான முறை; முடிவோ ஆளும் இனத்தின் முடிவு.

அம்முடிவுக்கு விடை, அதே முறையைக் கைக்கொண்ட ஒரு கறுப்பின மாணவரிடமிருந்து வந்தது. அவர் றால்ப் பன்ச். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் லொஸ் ஏஞ்சலிசில் வளர்ந்தவர். 1928இல் ஹார்வார்டில் முதுமாணிப் பட்டம் பெற்று, வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே கலாநிதிப் பட்டத்துக்கும் உழைத்தார்.

கலாநிதி மாணவன் முதலிற் பாடங்களை முடித்து, துறை முழுவதிலும் தேர்வெழுதித் தேற வேண்டும். அதன் பின்னரே கடினமான பணி தொடங்குகிறது: இதுவரை எவரும் விடை காணாததும், சான்றுகளைக் கொண்டு விடை காணத்தக்கதுமான ஒரு வினாவைக் கண்டறிதல். பன்ச் கண்டறிந்த வினா மிகக் கூர்மையானது.

முதல் உலகப் போரின் பின் ஜெர்மனியின் குடியேற்ற நாடுகள், சர்வதேச சங்கத்தின் பெயரால் வெற்றி பெற்ற வல்லரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அது ஆட்சியன்று, மக்களின் நலன் கருதிய பொறுப்பு என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. இக்கூற்றைச் சோதிப்பது எங்ஙனம்? மேற்காபிரிக்காவில் டோகோலாந்தும் டஹோமியும் அயல் நாடுகள். டோகோலாந்தின் பெரும்பகுதி பிரான்சின் பொறுப்பாட்சியில் இருந்தது; டஹோமி பிரான்சின் குடியேற்ற நாடு. ஆள்வோர் ஒருவரே, சட்ட நிலைதான் வேறு. ஆகவே, பொறுப்பாட்சி என்னும் ஏற்பாட்டுக்கு உண்மையான பயன் உண்டெனின், டோகோலாந்து மக்களின் வாழ்விலே அது வெளிப்பட வேண்டும். ரோசன்வால்ட் நிதியத்தின் உதவியுடன் 1932இல் பன்ச் அந்நாடுகளுக்குச் சென்றார். நடைமுறையில் இருவகை ஆட்சிக்குமிடையே வேறுபாடு மிகச் சொற்பமே என்பது அவர் கண்ட முடிவு.

1934இல் ஹார்வார்ட் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவரது ஆய்வு அவ்வாண்டின் டொப்பன் பரிசையும் வென்றது. அமெரிக்கப் பல்கலைக் கழகமொன்றில் அரசியல் விஞ்ஞானக் கலாநிதியான முதற் கறுப்பினத்தவர் அவரே.

எனினும், அவ்வாய்வின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. அது பெரிதும் ஆள்வோரின் ஏடுகளையும் வாய்மொழியையும் நம்பியே எழுந்தது. ஆளப்படுவோரின் குரலைக் கேட்க வேறு பயிற்சி வேண்டியிருந்தது. 1936 முதல் 1938 வரை பன்ச் மானிடவியல் பயின்றார். லண்டனில் ஜோமோ கென்யாட்டாவிடம் சுவாஹிலி மொழி கற்றார். தென்னாபிரிக்காவிலும் கென்யாவிலும் மக்களிடையே உலாவினார். பட்டம் பெற்றவர் மீண்டும் மாணவரானது, பட்டத்தினும் பெரிய செய்தி.

1945இல் ஐக்கிய நாடுகள் சாசனம் உருவானபோது, குடியேற்ற நாடுகள் பற்றிய அத்தியாயங்களை வரைவதில் அவர் பங்குகொண்டார். 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே மனிதர், 1954இல் கம்யூனிஸ்ட் என்ற ஐயத்தின் பேரில் தம் நாட்டு அரசின் விசாரணைக்கு உள்ளாகிப் பின் விடுவிக்கப்பட்டார். டோகோவும் டஹோமியும் 1960இல் விடுதலை பெற்றன. அவ்விடுதலையை ஈட்டியது ஆய்வேடன்று, மக்களின் போராட்டமே. ஆனால் ஆள்வோரின் சொல்லையும் செயலையும் அருகருகே வைத்து அளந்து காட்டும் கடமை ஆராய்ச்சியாளனுக்கு உண்டு. அக்கடமையைச் செய்யும் ஆய்வே கலாநிதிப் பட்டத்துக்குப் பொருள் தருகிறது.