பனிச்சறுக்கு உடைகளைத் துவைப்பதும் பாதுகாப்பதும்: நம் நாட்டு ஈரப்பதத்துக்கு ஏற்ற வழிகள்

பள்ளி விடுமுறையில் மணாலி, குல்மார்க், கொரியா, ஹொக்கைடோ என்று பனி பார்க்கப் போய்வரும் குடும்பங்கள் இன்று பட்டணத்திலும் உண்டு, தோட்டப்புறத்திலும் உண்டு. பயணத்துக்காக வாங்கிய கனமான ஜாக்கெட், காற்சட்டை, கையுறை எல்லாம் வீடு திரும்பியதும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். மறுபடியும் அந்தப் பையைத் திறப்பது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, அக்காள் மகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இரவல் கேட்கும்போதுதான். அப்போது பார்த்தால் பூஞ்சை வாடை வீசும். கழுத்துப்பட்டி மஞ்சளித்திருக்கும். உள்புறப் பூச்சு செதில் செதிலாக உரிந்து கொட்டும்.

பனியில் ஒரு வாரம் மட்டுமே இருந்த உடை, மீதி நாளெல்லாம் நம் வீட்டு அலமாரியில்தான் கிடந்திருக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பூஞ்சைக்கு அது போதும். பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய உடை பல ஆண்டு உழைக்கவும், உறவுக்குள் கைமாறிப் பயன்படவும் வேண்டுமானால், பயணம் முடிந்த கையோடு அதைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றோட்டமாக வைப்பதுதான் வழி.

ஜாக்கெட்டின் மூன்று பகுதிகள்

பனிச்சறுக்கு ஜாக்கெட் பெரும்பாலும் மூன்று பகுதிகளால் ஆனது. வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. அதன் மேல் நீரை உருட்டிவிடும் ஒரு மெல்லிய பூச்சு. உள்ளே, மழையையும் பனிநீரையும் தடுத்து, உடலின் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் ஒரு சவ்வு அல்லது பாலியூரித்தேன் பூச்சு. 1969இல் அமெரிக்காவின் பாப் கோர் கண்டறிந்த முறையில் உருவான கோர்-டெக்ஸ், இத்தகைய சவ்வுகளில் பெயர்பெற்றது.

வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்தால் வெளிப்பூச்சு வேலை செய்யாது. நீர் உருண்டோடாமல் துணியில் ஊறும், வியர்வை ஆவி வெளியேற முடியாமல் உள்ளே குளிரும். பலர் இதைப் பார்த்து ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். முறையாகத் துவைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

துவைப்பதற்கு முன்

முதலில் உடையின் உள்ளே தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டைப் பார்க்க வேண்டும். தொட்டிப் படத்தில் உள்ள எண், நீரின் உச்ச வெப்பத்தைக் குறிக்கும். முக்கோணம் வெளுப்பானைக் குறிக்கும். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் அது உலர்த்தி இயந்திரம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி இருந்தால் நடுத்தரச் சூடு. எந்தப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருக்கிறதோ, அதைச் செய்யக்கூடாது. சீட்டில் எழுதியிருப்பதும் இங்கே சொல்லியிருப்பதும் வேறுபட்டால் சீட்டையே பின்பற்ற வேண்டும்.

பிறகு பைகளைக் காலி செய்ய வேண்டும். பனிமலைச் சீட்டு, உதட்டுப் பசை, மிட்டாய் என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். ஜிப்புகளையும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளையும் மூடிவிட வேண்டும். திறந்த வெல்க்ரோ மற்றத் துணிகளைச் சுரண்டிவிடும். கழுத்துப்பட்டியிலும் மணிக்கட்டிலும் உள்ள கறையில் கொஞ்சம் சலவைத் திரவத்தைத் தடவி, மென்மையான பிரஷால் தேய்த்துவைக்கலாம்.

எந்த இயந்திரம்?

நம் வீடுகள் பலவற்றில் இருப்பது மேலிருந்து துணி போடும் சலவை இயந்திரம். நீர் புகாத உடைகளை அதில் போட்டுச் சுழற்றிப் பிழிவது ஆபத்து. துணி நீரை வெளியே விடாது. பையில் கட்டிய தண்ணீர்போல் அது ஒரு பக்கமாகத் தேங்கி நிற்க, தொட்டி வேகமாகச் சுழலும்போது இயந்திரமே குதித்து உடையக்கூடும். நீர் புகாத துணியைப் போடக்கூடாது என்ற எச்சரிக்கை பல இயந்திரங்களின் மூடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, முன்பக்கக் கதவு உள்ள இயந்திரத்தில், மென்மையான சுழற்சியில், குறைந்த பிழிதல் வேகத்தில் துவைப்பது. மற்றொன்று, பெரிய வாளியில் கையால் துவைப்பது.

நாணயம் போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகளில் முன்பக்கக் கதவு இயந்திரம் கிடைக்கும். ஆனால் பல கடைகளில் சலவைத் திரவத்தோடு சாஃப்டனரும் தானாகவே சேர்ந்துவிடும். அதை நிறுத்த முடியுமா என்று பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். முடியாவிட்டால் வீட்டில் கையால் துவைத்து, காயவைக்க மட்டும் டோபிக் கடைக்குப் போகலாம்.

ஜாக்கெட், காற்சட்டை துவைக்கும் முறை

30 முதல் 40 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பான நீர் போதும். தூளைவிடத் திரவம் நல்லது, ஏனென்றால் தூள் முழுதும் கரையாமல் துணியில் தங்கும். நீர் புகாத உடைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற சலவைத் திரவங்கள் வெளிப்புற நடவடிக்கைப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

சாஃப்டனர் போடவே கூடாது. அது துணியில் ஒரு மெழுகுப் படலத்தை விட்டுச் செல்லும். அந்தப் படலம் நீரை ஈர்க்கும், ஆவி போகும் வழியையும் அடைக்கும். நம் வீடுகளில் பொதுவாகக் குளோரோக்ஸ் என்று சொல்லப்படும் வெளுப்பானும் வேண்டாம். உலர்சலவைக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அங்கே பயன்படும் கரைப்பான்கள் பூச்சைக் கெடுக்கும்.

ஒருமுறைக்கு இருமுறை நல்ல நீரில் அலச வேண்டும். நுரை மிச்சம் இருந்தால் துணி நீரை உறிஞ்சும். கையால் துவைத்தவர்கள் முறுக்கிப் பிழியக்கூடாது. தோளில் தொங்கவிட்டு நீர் வடியவிட்டு, பிறகு துண்டில் சுருட்டி அழுத்தலாம்.

நீர் விலக்கும் தன்மையை மீட்க

துவைத்த பிறகு உலர்த்தி இயந்திரத்தில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓடவிட்டால், ஓய்ந்துபோன வெளிப்பூச்சு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். உலர்த்தி இல்லாதவர்கள், உடை காய்ந்தபின் மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். சீட்டில் அதற்குத் தடை இருக்கக்கூடாது.

பிறகு சில சொட்டு நீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். உருண்டு ஓடினால் சரி. துணி கருத்து ஊறினால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கான தெளிப்பானோ கழுவும் திரவமோ கடைகளில் உண்டு, புதுப்பூச்சு கொடுத்துவிடலாம்.

இறகு நிரப்பிய உடைகள்

வாத்து இறகு நிரப்பிய ஜாக்கெட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். இறகுகளுக்கு இடையே தேங்கும் காற்றுதான் உடலுக்குக் கதகதப்பு தருகிறது. நனைந்து கட்டியானால் அந்தக் காற்று இருக்காது, ஜாக்கெட்டும் குளிரைத் தாங்காது. சாதாரண சலவைத் தூள் இறகின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும், ஆகவே இறகுக்கென்று உள்ள சலவைத் திரவமே ஏற்றது.

காயவைப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். வெளித்துணி அரை நாளில் காய்ந்துவிடும், உள்ளே இறகு ஈரமாகவே இருக்கும். நம் காற்றில் அது நாள்கணக்கில் காயாமல் நாற்றமெடுக்கும். உலர்த்தி இயந்திரத்தில் குறைந்த சூட்டில், சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளைப் போட்டு ஓட்டினால், பந்துகள் தட்டித்தட்டி இறகுக் கட்டிகளைப் பிரிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து உதறி, கையால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். உலர்த்தி கிடைக்காது என்றால் முழுதாகத் துவைக்காமல், அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

உள் உடைகள், கம்பளி, கையுறை

தோலோடு ஒட்டிய வெப்ப உள்ளாடைகளை ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் துவைக்கலாம். உள்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயவைத்தால் போதும். அதிகச் சூடு அவற்றின் இழுவைத் தன்மையைக் கெடுக்கும்.

மெரினோ கம்பளியைக் குளிர்ந்த நீரில் கம்பளிக்கான திரவத்தால் அலசி, தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். தொங்கவிட்டால் நீரின் கனத்தில் நீண்டுவிடும். ஃபிளீஸ் உடைகளையும் உள்புறம் வெளியே வரத் திருப்பித் துவைத்தால் மேற்புறம் உருண்டை பிடிக்காது.

தோல் வைத்த கையுறைகளை இயந்திரத்தில் போடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, விரல் மேலே பார்க்க நிறுத்தி, காற்றாடியின் முன் காயவைக்க வேண்டும். பனிக்கண்ணாடியின் உட்புறத்தைத் தேய்க்கக்கூடாது. ஆவி படியாமல் காக்கும் பூச்சு அங்கேதான் இருக்கிறது.

எந்த உடையையும் சுட்டெரிக்கும் வெயிலில் நாள் முழுதும் கொடியில் விட வேண்டாம். புற ஊதாக் கதிர் நைலானை வலுவிழக்கச் செய்து நிறத்தையும் மங்கவைக்கும். காற்றோடும் நிழலே போதும்.

எடுத்து வைக்கும் முறை

பெட்டியில் வைத்திருந்த காலணியைச் சில ஆண்டுகள் கழித்து அணிந்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேனைச் சிதைப்பதால் நடப்பது அது. ஜாக்கெட்டின் உள்பூச்சு பிசுபிசுத்து உரிவதற்கும் அதுவே காரணம். ஒருமுறை உரியத் தொடங்கினால் சரிசெய்ய வழியில்லை. ஈரத்தைக் குறைத்தால் அதைத் தள்ளிப்போடலாம்.

காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு நாள் காற்றாட விட்டு, அதன்பின் அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, பருத்தி உறையோ பழைய பருத்திச் சட்டையோ போர்த்தி வைக்க வேண்டும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பை, மிச்சமிருக்கும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பை பயணத்துக்கு வசதிதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் வைத்தால் இறகும் பஞ்சும் நசுங்கி, பழைய பருமனுக்குத் திரும்பாது.

குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், ஓட்டுக்கூரைக்குக் கீழே சூடேறும் மேல்தட்டும் தவிர்க்க வேண்டிய இடங்கள். கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் உதவும். அவற்றில் தேங்கும் உப்புநீர் துணியில் கொட்டினால் கறை போகாது, எனவே தொங்கும் உடைக்கு நேர் கீழே வைக்காமல் ஓரமாக வைத்து, நிறைந்ததும் மாற்ற வேண்டும். ஈரப்பதம் காட்டும் சிறிய கருவியை உள்ளே வைத்தால் நிலைமை தெரியும். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பற்றிய கவலை குறைவு.

பாச்சை உருண்டை: குழந்தை உள்ள வீடுகள் கவனிக்க

எடுத்து வைக்கும் துணி என்றாலே நாலு பாச்சை உருண்டை போடுவது நம் வீடுகளின் பழக்கம். பனிச்சறுக்கு உடைக்கு அது பெரும்பாலும் பயனற்றது. துணிப்பூச்சியின் புழு கம்பளி, இறகு போன்ற விலங்கு இழைகளைத்தான் தின்னும், நைலானையும் பாலியெஸ்டரையும் தின்னாது. பாச்சை உருண்டை ஈரத்தையும் உறிஞ்சாது, பூஞ்சையையும் தடுக்காது.

அதைவிட முக்கியமானது உடல்நலம். பல பாச்சை உருண்டைகளில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே இந்தக் குறைபாட்டைச் சோதிப்பதும், குறைபாடு இருந்தால் பாச்சை உருண்டையை வீட்டில் வைக்க வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்வதும் இதனால்தான். இரவல் வாங்கிய ஜாக்கெட்டில் அந்த வாடை இருந்தால், துவைத்துக் காற்றாடவிட்டு வாடை முற்றும் போன பிறகே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த உடையே வேண்டாம்.

கம்பளி உடைகளைப் பூச்சியிடமிருந்து காக்க, சுத்தமாகத் துவைத்து, நன்கு மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தாலே போதும். வியர்வைக் கறை உள்ள துணியைத்தான் பூச்சி முதலில் தேடும்.

பூஞ்சை பிடித்துவிட்டால்

உடையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்து, பூஞ்சையை மென்மையான பிரஷால் தட்டிவிட வேண்டும். பிறகு மேலே சொன்ன முறையில் துவைத்து, கொஞ்ச நேரம் காலை வெயிலிலும் பிறகு நிழலிலும் காயவைக்கலாம். கறுத்த புள்ளிகள் துணியிலேயே தங்கிவிடக்கூடும், ஆனால் வாடை போய்விட்டால் அணியலாம். அதே அலமாரியையும் துடைத்து உலர்த்தாமல் உடையைத் திரும்ப வைத்தால் பூஞ்சை மறுபடியும் வரும்.

தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை வீட்டைத் துப்புரவு செய்யும்போது இந்த உடைகளையும் வெளியே எடுத்து, ஒரு நாள் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி வைப்பது நல்லது. இரவல் கொடுக்கும்போது பராமரிப்புச் சீட்டைக் காட்டி, சாஃப்டனர் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், உடை போன மாதிரியே திரும்பி வரும்.