வைட்டமின் மாத்திரைகள்: யாருக்கு அவசியம், யாருக்கு ஆபத்து?

மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலேயே மருந்துக் கடைகளில் வைட்டமின் மாத்திரைகள் கிடைக்கின்றன. சோர்வு ஏற்பட்டாலே அவற்றை வாங்கி உட்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால், உடலில் எந்தச் சத்து குறைந்துள்ளது என்பதை அறியாமல் இதைத் தீர்மானிக்க இயலாது.

சிலருக்கு மாத்திரையைத் தவிர்ப்பதே ஆபத்து. 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. இதனால், கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் 180 நாள்களும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள்களும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொண்ட மாத்திரையை அரசு இலவசமாக வழங்குகிறது. மலம் கறுப்பாவதைக் கண்டு அஞ்சி இதைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை, அது இயல்பானதே. தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து உட்கொண்டால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். அதேவேளையில், தலசீமியா போன்ற மரபணுக் குறைபாட்டாலும் ரத்தசோகை வரும் என்பதால், பரிசோதனையின்றி நீண்ட காலம் இரும்பு மாத்திரை உட்கொள்வது சரியல்ல.

வைட்டமின் பி12 இயற்கையாக இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே கிடைக்கிறது. சைவ உணவினரும், சர்க்கரை நோய்க்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களும் இதன் அளவைப் பரிசோதித்துக் கொள்வது நல்லது. கை, கால் மரத்துப்போவது குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகக்கூடும்.

அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவது வைட்டமின் டி. பெரியவர்களின் அன்றாடத் தேவை 600 அலகுகள்; நாளொன்றுக்கான உச்சவரம்பு 4,000 அலகுகள். கடைகளில் பரவலாக விற்கப்படுவதோ 60,000 அலகுகள் கொண்ட மாத்திரை. குறைபாடு உறுதியானவர்களுக்கு வாரம் ஒன்று வீதம், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டுமே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கின்றனர். இதைத் தினசரி மாத்திரை எனக் கருதியோ, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கியோ உட்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து வாந்தி, கடும் தாகம், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு ஏற்படக்கூடும்.

குறைபாடு இல்லாதவர்களுக்குப் பலன் குறைவே. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் 2,000 அலகு வைட்டமின் டி உட்கொண்டதால் புற்றுநோயோ மாரடைப்போ ஏற்படுவது குறையவில்லை. புகைபிடிப்போர் பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டபோது நுரையீரல் புற்றுநோய் அதிகரித்ததை வேறு ஆய்வுகள் காட்டின.

முடி உதிர்வுக்காக பயோட்டின் உட்கொள்பவர்கள், ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.