நான்காவது புகைபோக்கி

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. என் மேஜைமேல் இருக்கும் எம்டனுக்கு நான்கு. இதைப் பார்த்துவிட்டு, வரலாற்றுப் புத்தகம் படித்த நண்பர் ஒருவர் தப்பு என்றார். தப்பில்லை என்று அவருக்குச் சொல்லப் புறப்பட்ட விளக்கம்தான் நீண்டு இந்தக் கட்டுரை ஆகியிருக்கிறது. புகைபோக்கிகளின் எண்ணிக்கை இலக்கியப் பத்திரிகையில் பேசவேண்டிய விஷயமா என்று கேட்பவர்கள் கடைசிவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ரிஷிவந்தியத்தில். அர்த்தநாரீஸ்வரர் கோயில், கரும்பு வண்டிகள், மேற்கே வெயில் தாழும் நேரத்தில் கல்வராயன் மலையின் நீலக்கோடு. கடல் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஊர். ஆனால் இங்கேயும் கறாரான ஹெட்மாஸ்டரை, வட்டிக்காரரை, மாமியாரை 'சரியான எம்டன்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு அது கப்பலின் பெயர் என்று தெரியாது. ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில் உள்ள சிறு துறைமுக ஊரின் பெயர் அது என்பது மற்றப் பாதிப்பேருக்கும் தெரியாது. 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஆரம்பித்த சினிமா, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கை முன்னிட்டு 'எம் மகன்' ஆயிற்று. தொண்ணூறு வருஷம் புழங்கியும் சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை.

சொல் வந்த கதை சுருக்கமானது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக, எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் கஜ தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் இரண்டு எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். சென்னையின் கலங்கரை விளக்கம் அப்போது உயர்நீதிமன்றக் கோபுரத்தில் இருந்தது; யுத்தம் நடக்கும்போதும் அது சாவகாசமாக எரிந்து வழிகாட்டிக்கொண்டிருந்தது. அரைமணிக்குள் கப்பல் இருளில் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஜனங்கள் ஊரைக் காலிசெய்துகொண்டு ரயிலேறினார்கள். பட்டணத்திலிருந்து ஓடியவர்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டையோடு மூட்டையாக இந்தச் சொல்லையும் எடுத்துப்போயிருக்க வேண்டும். உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இன்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. வழக்குக்குப் போகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறார்கள்.

கப்பலைப் பற்றிப் படித்தால் போதாதா, ஏன் கட்டவேண்டும்? படிக்கும்போது நாம் நம்மையறியாமல் தாண்டிப் போகிறோம். 'கப்பலின் முன்புறம்' என்று எழுதிவிட்டு எழுத்தாளன் அடுத்த வரிக்குப் போய்விடலாம். கட்டுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. முன்புறத்தில் நங்கூரச் சங்கிலி எந்தத் துவாரத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால்தான் துளை போடமுடியும். எம்டனின் நீளம் 118 மீட்டர் சொச்சம், அகலம் பதின்மூன்றரை. 1:200 என்று வைத்துக்கொண்டால் 59 சென்டிமீட்டர் நீளம், ஆறேமுக்கால் அகலம். பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர். என் அளவில் அது அரை மில்லிமீட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் 25 எண் ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். பத்து ஊசிகள் வாங்கியபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மரம் கள்ளக்குறிச்சியில் கிடைத்தது. அங்கே மரச்சிற்பிகள் இருக்கிறார்கள்; 2021-ல் அவர்கள் வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பட்டறையில் பூவரசந்துண்டு கேட்டேன். என்ன விக்கிரகம் என்றார் ஆசாரி. கப்பல் என்றேன். தெப்பமா என்றார். சண்டைக்கப்பல் என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டு, வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீர்க்கோட்டுக்குக் கீழே செதுக்கப் போறியளா, இல்லை அங்கேயே வெட்டிடுவியளா?" என்று கேட்டார். மாதிரிக் கப்பல் செய்கிற உலகமே இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முழு உடலையும் காட்டுகிறவர்கள் ஒரு கட்சி. நீருக்குமேல் தெரிவதை மட்டும் செய்து, கப்பலைக் கடலில் மிதப்பதாக வைப்பவர்கள் இன்னொரு கட்சி. 1971-ல் ஜப்பானில் நான்கு கம்பெனிகள் கூடி 1:700 அளவில் தொடங்கிய வரிசை இந்த இரண்டாம் கட்சிக்கு உலகெங்கும் ஆள் சேர்த்தது. நான் நீர்க்கோட்டில் வெட்டினேன். பார்க்கிறவனுக்குத் தெரிகிற கப்பல்தான் எனக்கு வேண்டியிருந்தது. காரணம் பின்னால் வரும்.

செதுக்கல், உப்புத்தாள், மறுபடி உப்புத்தாள். கொடிமரக் கயிறுகளுக்குப் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்குமேல் காட்டி, இளகும்போது இரு முனையும் இழுத்தால் தலைமயிர் கனத்தில் இழை வரும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், மூச்சையும். வண்ணத்தில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கப்பலின் அசல் சாம்பலைக் கலந்து பூசினால் மாதிரி கன்னங்கரேலென்று கனத்துப்போகிறது. நிஜக்கப்பலுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் அரை மைல் காற்று இருக்கிறது. அந்தக் காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது. ஆகவே வெள்ளை கலந்து பொய் சொன்னால்தான் உண்மையாகத் தெரியும். யதார்த்தவாதம் பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த சண்டைகளில் யாரும் இதைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்தச் சின்னக் கப்பல்கள் விளையாட்டுச் சாமான்களாக மட்டும் இருந்ததில்லை. 1898-ல் பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் உலகப் போர்க்கப்பல்களின் நிழலுருவங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். சிறு கப்பல்களை மேஜையில் நகர்த்தி ஆடும் யுத்த ஆட்டம் ஒன்றையும் வகுத்தார். அடிவானத்தில் கறுப்பாகத் தெரிகிற உருவத்தைப் புகைபோக்கி, கொடிமரம் இவற்றின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் வைத்து இன்னதென்று சொல்ல வேண்டும். சொல்வதற்குள் குண்டு வந்துவிடக்கூடாது. பிற்பாடு நார்தாம்ப்டனில் பேசட்-லோக் கம்பெனி 1:1200 அளவிலும், ஜெர்மனியில் விகிங் 1:1250 அளவிலும் செய்த கப்பல்கள் இரண்டாம் யுத்தத்தில் மாலுமிகளின் கண்ணைப் பழக்கின. அந்த அளவில் எம்டன் ஒரு சுட்டுவிரல் நீளம்தான். எதிரிகள் இருவரும் ஒரேமாதிரி பொம்மைகளை வைத்து ஒருவரையொருவர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான். காசோலையில் இருக்கும் கையெழுத்தை எங்களிடம் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. 'மாதிரி' என்ற சொல்லைத் தமிழ் எவ்வளவு விபரீதமாக வைத்திருக்கிறது பாருங்கள். மூலமாக வைத்துக்கொள்ள வேண்டியதும் மாதிரி. அதைப் பார்த்துச் செய்ததும் மாதிரி. 'அவர் மாதிரி இருந்தது' என்றால் அவர் இல்லாமலும் இருக்கலாம்.

எம்டன் இந்த மூன்றாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கடல்களில் திரிந்த ஜெர்மன் கப்பல்களுக்கு மூன்று புகைபோக்கி என்பது பார்த்தவுடன் தெரியும் அடையாளம். அவற்றைத் துரத்திய யார்மவுத் என்ற ஆங்கிலக் கப்பலுக்கு நான்கு. துணைத்தலைவன் ஹெல்முத் ஃபொன் மூக்கே யோசனை சொல்ல, தலைவன் கார்ல் ஃபொன் ம்யுல்லர் சம்மதிக்க, துணியில் நான்காவது புகைபோக்கி எழும்பியது. முதலில் கட்டியது வெறும் தட்டை. பக்கவாட்டில் பார்த்தால் சரி, முன்னாலிருந்து பார்த்தால் காணாமல் போகும். பிறகு மரச்சட்டம் போட்டு உருண்டையாகக் கட்டினார்கள். அதாவது ஒரு போர்க்கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து இன்னொரு போர்க்கப்பலின் ஒரு உறுப்பை முழு அளவில் மாதிரி செய்திருக்கிறார்கள். நான் பூவரசில் செய்வதை அவர்கள் உயிருக்குப் பணயமாகச் செய்தார்கள். அக்டோபர் 28 விடியற்காலையில் நான்கு புகைபோக்கிகளோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, கடைசி நிமிஷத்தில் ஜெர்மன் கொடி ஏற்றி, ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தார்கள். வெளியே வரும்போது பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கே.

மாதிரிக்கு ஒரு தேதி வேண்டும். தேதியில்லாத கப்பல் கிடையாது. 1914 ஜூலைக்கு முன் எம்டன் வெள்ளை, புகைபோக்கி மஞ்சள், யுத்தத்தில் சாம்பல். நவம்பர் 9-ம் தேதிக்குப் பிறகு அது கோகோஸ் தீவுகளில் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுப் பவளப்பாறையில் ஏறிய இரும்புக் குப்பை. 130-க்கு மேற்பட்ட பிணங்கள். தமிழனாகிய நான் செப்டம்பர் 22-ஐத்தான் எடுப்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் எடுத்தது பினாங்கு. நண்பர் தப்பு என்று சொன்ன நான்காவது புகைபோக்கி இதுதான்.

நம்முடைய கப்பலைச் செய்யக்கூடாதா என்றும் கேட்டார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கப்பல்கள் பலவற்றை அலைகடலுக்கு அனுப்பியதைச் சொல்கிறது; பாய்மரம் எத்தனை, பலகையைத் தைத்தார்களா ஆணி அடித்தார்களா என்று சொல்வதில்லை. காட்சிக்கூடங்களில் நிற்கும் சோழர் கப்பல்களில் பெரும்பகுதி போரோபுதூர்ச் சிற்பத்தின் சாயலும் செய்தவனின் ஆசையும்தான். ஆசையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கமுடியாது.

ஆசை எனக்கும் ஒரு சோதனை வைத்தது. ஒரு பள்ளி விழாக் கண்காட்சியில் என் எம்டனை வைக்கக் கேட்டார்கள். கொண்டுபோனேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அட்டை எழுதித் தயாராக இருந்தது: சென்னையைத் தாக்க வீரத்தமிழன் செண்பகராமன் பிள்ளை வந்த கப்பல். இந்தக் கதை தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது! ஒரு நூலில் அவர் கப்பலின் பொறியாளர்; இன்னொன்றில் துணைத்தலைவர். அட்டையை மாற்றினால் வைக்கிறேன் என்றேன். எனக்குத் தேசபக்தி இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். எம்டன் அன்று மாலையே பஸ்ஸில் என் மடியில் திரும்பி வந்தது.

செண்பகராமன் சிறிய மனிதர் அல்ல. 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, 1908-ல் ஐரோப்பா போனவர். 1914 செப்டம்பரில் அவர் ஜூரிச்சில் இந்தியாவுக்காகச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெர்லினில் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோரோடு சேர்ந்தார். எம்டன் 1910 ஏப்ரலில் ஜெர்மனியை விட்டது. திரும்பிப் போகவே இல்லை. 1914 ஜூலை 31-ல் சீனக்கரையின் சிங்டாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஜூரிச்சில் இருந்த மனிதர் எந்த ஏணியில் கால் வைத்து அதில் ஏறினார்? கொடிமரக் கயிற்றுக்கு நான் கேட்கிற அதே கேள்விதான் இது: எங்கே தொடங்குகிறது, எதில் கட்டியிருக்கிறது? துணைத்தலைவன் பதவியும் காலியாக இல்லை. அதில் மூக்கே இருந்தான்.

வெள்ளையரல்லாதவர் எம்டனில் இருந்தார்கள் என்பது மட்டும் வாஸ்தவம். சலவைக்கு அமர்த்தப்பட்ட சீனர்கள். துணி துவைத்துக்கொண்டு, யாருடையதோ யுத்தத்தில் குண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு அட்டை எழுத எந்தப் பள்ளியும் கூப்பிடாது. என் மாதிரியில் பின்தளத்தில் ஒரு கொடியில் நாலு துணி காய்கிறது. அதற்குப் பக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ஆள். இது என் கற்பனை என்பதையும் பெட்டியின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

செண்பகராமனை எம்டனில் ஏற்றியது யார் என்று எனக்குக் கோபமில்லை. அடிமையாக இருந்த ஜனங்கள், தங்களைப் பயமுறுத்திய கப்பலிலேயே தங்கள் ஆள் ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தது புரிந்துகொள்ளக்கூடியதுதான். துணிப் புகைபோக்கி அது. ஆனால் பினாங்கிலேயே துணியின் காரியம் முடிந்துவிட்டது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதற்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் நஷ்டப்படுவது செண்பகராமன்தான். சந்தேகமும் நிர்வாகமும் சூழ்ந்த அன்னிய நகரத்தில் காகிதம், கடிதம், கமிட்டி என்று ஒருவர் கழித்த இருபது வருஷங்களை நாம் ஒரு ராத்திரிக்கு விற்றுவிட்டோம். 1934-ல் பெர்லினில் செத்துப்போனார்.

அவர் அஸ்தி முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 1966-ல் கப்பலில் கொச்சிக்கு வந்தது. அது இந்தியக் கடற்படையின் டெல்லி. அந்த டெல்லி முன்னால் அக்கிலீஸ் என்ற பெயரில் நியூசிலாந்துக் கொடியோடு இருந்தது. 1939 டிசம்பர் 13-ல் ரிவர் பிளேட் சண்டையில், எம்டனைப் போலவே சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மன் கப்பலோடு மோதியது. 1948-ல் நமக்கு வந்தது. 1978-ல் உடைத்தார்கள். செண்பகராமன் போர்க்கப்பலில் வந்தார் என்பது கடைசியில் உண்மைதான். கப்பல் வேறு, வருஷம் வேறு, அவர் ஒரு கலசத்துக்குள் இருந்தார்.

இப்போது அதற்கு மரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 169 மீட்டர், 1:200-ல் 84 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ரிவர் பிளேட் கால வரைபடம் எளிதில் கிடைக்கிறது, ஆனால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. 1943 ஜனவரியில் ஜப்பானியக் குண்டு விழுந்த பின்புறப் பீரங்கி மாடத்தை எடுத்துவிட்டார்கள். 1966-ல் நான்கு மாடங்கள் இல்லை, மூன்றுதான். ஆசாரியிடம் சொன்னேன். இதுக்கு எத்தனை புகைபோக்கி என்றார். ஒன்று என்றேன்.