மிங்டபிள்யூ-டபிள்யூ64

விண்டோஸில் சி, சி++ நிரல்களைக் கம்பைல் செய்து, நேரடியாக இயங்கும் இஎக்ஸ்இ கோப்புகளாக ஆக்கித் தரும் இலவசக் கருவித் தொகுப்பு. கம்பைலர் ஜிசிசி. அசெம்பிளரும் லிங்கரும் பின்யுடில்ஸிலிருந்து வருகின்றன. விண்டோஸ் வசதிகளை நிரலிலிருந்து அழைக்க வேண்டிய ஹெடர்களும் லைப்ரரிகளுமே இத்திட்டத்தின் சொந்தச் சரக்கு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி, யுனிக்ஸ் உலகத்துக் கருவி. 1995இல் தொடங்கிய சிக்வின் அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் உருவான நிரல் ஓட, யுனிக்ஸ் அழைப்புகளைப் பெயர்த்துச் சொல்லும் ஒரு டிஎல்எல் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். 1998இல் காலின் பீட்டர்ஸ் தொடங்கிய மிங்டபிள்யூ அந்த இடைத்தரகரை நீக்கியது. 64 பிட் ஆதரவுக்காக 2007இல் தனியே கிளைத்ததுதான் மிங்டபிள்யூ-டபிள்யூ64. பழைய கையேடுகள் பல இன்னும் முதல் திட்டத்தையே காட்டுகின்றன. 64 பிட் நிரல் வேண்டுவோருக்கு அது உதவாது.

இப்போது இதை நிறுவ வசதியான வழி எம்சிஸ்2 என்ற தொகுப்பு. ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் மேலாளரான பேக்மேன் இதிலும் பேக்கேஜ்களை இறக்கித் தருகிறது. நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் ஒரே மாதிரி தோன்றும் பல டெர்மினல்கள் வரும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. யுசிஆர்டி64 என்பதைத் திறந்து, அதற்குரிய ஜிசிசி பேக்கேஜை நிறுவ வேண்டும். வெறுமனே எம்சிஸ் என்றிருப்பதைத் திறந்து அதன் ஜிசிசியை நிறுவினால், பிறக்கும் நிரல் எம்சிஸின் டிஎல்எல்லைத் தேடும். சிக்வினின் பழைய கதைதான்.

அடுத்த தடுமாற்றம், கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத். எம்சிஸ்2 டெர்மினலில் ஒழுங்காக ஓடும் ஜிசிசியை, விண்டோஸின் சாதாரணக் கமாண்ட் பிராம்ப்டில் தட்டினால் அப்படியொரு கட்டளையே தெரியாது என்று பதில் வரும். கம்பைலரில் கோளாறு இல்லை. யுசிஆர்டி64 ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டரை பாத் மாறியில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். சேர்த்த பிறகு, ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விடும் கையேடுகளே அதிகம்.

வெளியீட்டுக்குப் பெயர் தராவிட்டால் நிரல் ஏ.இஎக்ஸ்இ என்று உருவாகும். சி++ நிரலை வேறு கணினிக்கு எடுத்துப்போனால், லிப்எஸ்டிடிசி++ டிஎல்எல் இல்லை என்று அங்கே அது நின்றுவிடலாம். லிங்க் செய்யும்போது ஸ்டேடிக் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், அந்த லைப்ரரி இஎக்ஸ்இக்குள்ளேயே சேர்ந்துவிடும், கோப்பும் பெரிதாகும்.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு அறிமுகமான டெவ்-சி++ மென்பொருளின் உள்ளே இருப்பதும் இந்தக் குடும்பத்துக் கம்பைலரே. லினக்ஸிலிருந்து வருவோர் கவனிக்க வேண்டியது: 64 பிட் லினக்ஸில் 8 பைட்டாக இருக்கும் லாங் தரவு வகை, இங்கே 4 பைட் மட்டுமே.