பழம்பொருளின் மதிப்பு

செபராங் ஜெயா 1970களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தால் உருவாக்கப்பெற்ற புதுநகர். அதன் அகவை ஏறத்தாழ அரை நூற்றாண்டே. ஆயினும் அங்குள்ள தமிழர் இல்லங்களில் நகரினும் மூத்த பொருள்கள் உண்டு. தோட்டத்து வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடம், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, பால்மரம் வெட்டிய கத்தி ஆகியன அத்தகையன. இவை பழம்பொருள்களா, வெறும் பழைய பொருள்களா? இவ்வினாவை எழுப்பாத இல்லத்தில் குடம் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது.

‘விண்டேஜ்’ எனும் சொல் முதலில் ஓராண்டின் திராட்சை அறுவடையையும் அதனின்று பெற்ற மதுவையும் குறித்தது; பின்னரே, தன் காலத்தின் முத்திரையைத் தாங்கி நிற்கும் பொருளையும் குறிக்கலாயிற்று. நூறாண்டு கடந்தவற்றைத் தொன்பொருள் என்றும், அவற்றிற்கு இளையனவற்றை விண்டேஜ் என்றும் பிரிப்பது வணிகர் வழக்கு. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக 100 ஆண்டுகளையும், வரலாறு, இலக்கியம் முதலியவற்றில் மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளையும் எல்லையாக வகுத்தது. எனினும் ஆண்டுக் கணக்கு மதிப்பின் வாயிற்படியே. மதிப்பை ஆக்குவது அப்பொருள் கூறும் சான்றாகும்.

பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளிரதத்தை நோக்குக. நகரத்தார் காரைக்குடியில் செய்வித்த அவ்விரதம் 1894இல் கடல் கடந்து வந்தது. அதன் வெள்ளியை நிறுத்து விலை கூறிவிடலாம். ஆனால், கடல் கடந்தும் தம் வழிபாட்டை விடாத ஒரு சமூகத்தின் உறுதிக்கு அது சான்றாக நிற்பதை எந்தத் தராசு நிறுக்கும்?

சான்று படிக்கப்பெறாத பொருள் என்னாகும் என்பதற்கு நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணி எடுத்துக்காட்டாகும். 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ எனும் சமயத் தொண்டர், மவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது உடைந்த மணியொன்றின் மேற்பகுதி. அதைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முகைதீன் பக்சு என்பாருக்குரிய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துகளின் பொருள். சமையற்கலமாயிருந்த அது, எழுத்துகள் படிக்கப்பெற்றபின் தமிழர் கடலோட்டத்தின் சான்றாயிற்று. இன்று வெல்லிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

உடையவர் பெயரைப் பொறிக்கும் அவ்வழக்கம் நம் இல்லங்களுக்கும் உரியதே. சீர்வரிசைப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது நம் மரபு. அப்பெயருக்குரியவர் யார், எவ்வூரினின்று வந்தார், அதனை அவருக்கு அளித்தவர் யார் என்பவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே மாணவர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதி வைத்த குடம் குடும்ப வரலாறாகும். எழுதாத குடம் பித்தளையாகவே எஞ்சும். உருக்கப்பட்ட பித்தளையில் எவர் பெயரையும் படிக்க இயலாது.